கட்டை விரல் மகாத்மியம்

எங்கள் கலாசாலையில் "வெளிநாட்டுக் கல்வித் தொடர்பு நிலையம்" என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டதும் நேயர்கள் ஒரு பெரிய மாளிகையையும் அதன் வாசலில் பறக்கும் பல தேசத்துக் கொடிகளையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. அதில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஓர் உலகப் படம். அந்தப் படத்தில் சோவியத் ருஷ்யா இன்னும் ஒரே தேசமாக இருந்துகொண்டிருக்கிறது. நிலையத்தின் தலைவர், குமாஸ்தா, சேவகர் ஆகிய மூவரும் நான்தான்.

2016-ஆம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள் பிரின்ஸிபால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நம் பிள்ளைகள் மேல்படிப்புக்கு வெளிநாடு போக வேண்டும். வெளிநாட்டுச் சர்வகலாசாலைகளோடு நாம் உறவு கொண்டாட வேண்டும். இந்தக் காரியத்தை உங்களிடம் ஒப்படைக்கிறேன்" என்றார்.

"நான் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவன். இதில் எனக்கு என்ன அனுபவம், ஸார்?" என்றேன்.

"போன வருஷம் ஜெர்மனிக்குப் போய் வந்தீர்களே!"

"ஒரு மகாநாட்டுக்காக நாலு நாள் போனேன். அதில் இரண்டு நாள் ஜலதோஷம்."

"அது போதும்" என்றார் பிரின்ஸிபால். பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்தி, "முக்கியமாகச் சமூக ஊடகத்தில் நாம் பளிச்சென்று தெரிய வேண்டும். பக்கத்து ஊர்க் கலாசாலைக்குப் பேஸ்புக்கில் பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள்" என்றார்.

அவருடைய யோசனையில் தவறு ஒன்றும் இல்லை. ஜெர்மனியிலுள்ள அரசாங்கச் சர்வகலாசாலைகளில் பெரும்பாலானவற்றில் படிப்புக்குச் சம்பளம் கிடையாது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாகாணம் 2017 முதல் ஐரோப்பிய யூனியனுக்கு வெளியேயிருந்து வரும் மாணாக்கரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பச் சர்வகலாசாலையும் 2024 முதல் வாங்கத் தொடங்கியிருக்கிறது. இவை போன்ற சில விலக்குகளைத் தவிர, புத்தியும் உழைப்பும் உள்ள பிள்ளைக்குக் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் கதவு இருக்கும் இடம் தெரிய வேண்டுமல்லவா? பட்டணத்துப் பிள்ளைக்கு அண்ணனோ மாமாவோ சொல்லுவார். எங்கள் கலாசாலைக்கு வருகிறவர்கள் முசிறி, தொட்டியம், குளித்தலைப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குச் சொல்லுவார் யார்? தபால் செலவுகூட இல்லாமல் ஒரு சமாசாரத்தை ஆயிரம் வீடுகளுக்குக் கொண்டுபோகும் சாதனம் ஒன்று கையில் இருக்கும்போது, அதைப் பயன்படுத்தாமல் விடுவது பாபம் என்றே எனக்கும் தோன்றிற்று.

ஆகவே, என் தமக்கை மகளைக் கொண்டு பேஸ்புக்கில் ஒரு பக்கம் ஆரம்பித்தேன். முதல் இரண்டு வருஷம் அந்தப் பக்கத்தில் நடந்ததெல்லாம் பொன்னாடைத் திருவிழாதான். வெளிநாட்டுப் பேராசிரியர் யாராவது வந்தால் அவருக்குப் பிரின்ஸிபால் பொன்னாடை போர்த்துவார்; நான் புகைப்படம் எடுத்துப் போடுவேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்கள், அதையும் போடுவேன். விருந்தாளி வாழையிலையில் சாப்பிடத் தெரியாமல் திண்டாடுவார். அதை மட்டும் போட மாட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் நாற்பது, ஐம்பது கட்டை விரல்கள் விழும். அவை யாருடைய விரல்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பாதி சக உபாத்தியாயர்களுடையவை. அடுத்த வாரம் அவர்கள் படத்துக்கு நான் விரல் போட வேண்டும் என்ற ஒப்பந்தத்தின் பேரில் விழுந்தவை. பதினொன்று என் உறவினர்களுடையவை. மாணாக்கருடையவை மூன்று. அந்த மூன்று பேரும் எனக்குச் செய்முறைப் பரீட்சை எழுத வேண்டியவர்கள்.

"இதையெல்லாம் பார்த்து எந்தப் பிள்ளை ஜெர்மனிக்குப் போகப்போகிறது?" என்று என் மனைவி கேட்டாள்.

"இதெல்லாம் உனக்கு விளங்காது. இதற்குப் பெயர் விளம்பரம்" என்றேன்.

"ஜவுளிக் கடை விளம்பரத்தில்கூடப் புடைவை என்ன விலை என்று போடுகிறார்களே!" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

2018-ஆம் வருஷம் மாசி மாதம். தெரிந்தவர் ஒருவர் எனக்கு ஒரு வர்ண விளம்பரத் தாளைக் கைபேசியில் அனுப்பி வைத்தார். நீல வானம், பழைய கோட்டை ஒன்று, முதுகில் பையுடன் சிரிக்கும் இளைஞர்கள். "ஜெர்மனியில் கட்டணமில்லாக் கல்வி! நூற்றுக்கு நூறு இடம் உறுதி! விசா உறுதி!" என்று கொட்டை எழுத்தில் தமிழிலேயே இருந்தது. கீழே ஒரு தரகருடைய டெலிபோன் இலக்கம். "உங்கள் பக்கத்தில் போட்டால் பிள்ளைகளுக்கு உபகாரமாக இருக்குமே!" என்று அனுப்பியவர் எழுதியிருந்தார். கட்டணமில்லாக் கல்வி என்பது உண்மைதானே என்று எண்ணினேன். மற்ற இரண்டு "உறுதி"களைப் பற்றி நான் எண்ணவே இல்லை. அப்போது மணி இரவு பத்து; தூக்கம் வந்துகொண்டிருந்தது. விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். விளம்பரம் எங்கள் கலாசாலையின் முத்திரைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் பார்த்தால் அறுநூறு கட்டை விரல்கள்! இருநூறு பேருக்கு மேல் அதை எடுத்துத் தங்கள் நண்பர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். பிரின்ஸிபால் என்னைப் பார்த்து, "இப்போதுதான் உங்களுக்குச் சூக்ஷ்மம் பிடிபட்டிருக்கிறது" என்றார். அன்று நான் சற்று நிமிர்ந்தே நடந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எட்டு மாதம் கழித்து, ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு ஒரு பெரியவர் என் அறைக்கு வந்தார். தொட்டியத்துக்குப் பக்கத்தில் வாழை பயிரிடுகிறவர். கூட அவர் மகன். எங்கள் கலாசாலையில் படித்து முடித்தவன்தான். பெரியவர் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார். வேஷ்டி மடிப்பிலிருந்து ஒரு கைபேசியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். அதில் அந்த நீல வானமும், கோட்டையும், சிரிக்கும் இளைஞர்களும் இருந்தார்கள்.

"இது உங்க காலேஜு பக்கத்துல போட்டிருந்துச்சுங்க, ஐயா. அதனாலதான் நம்பிக் கட்டினோம்" என்றார்.

அவர்கள் கட்டியது 3,40,000 ரூபாய். பெரியவருடைய சம்சாரத்தின் நகைகளை அடகு வைத்தும், மீதியை வட்டிக்கு வாங்கியும் கொடுத்திருந்தார்கள். வந்த அனுமதிக் கடிதத்தை வாங்கிப் படித்தேன். அது சர்வகலாசாலையின் கடிதமே அல்ல; பாஷை சொல்லிக் கொடுக்கும் தனியார் பள்ளி ஒன்றின் கடிதம். அதை வைத்துக்கொண்டு என்ஜினீயரிங் மேல்படிப்புக்கென்று விசா கேட்டால் எப்படிக் கிடைக்கும்? மறுத்துவிட்டார்கள். தரகருடைய டெலிபோன் ஒரு மாதமாக உயிரற்றுக் கிடந்தது.

உண்மையில் அந்தப் பையன் செய்திருக்க வேண்டியது என்ன? ஜெர்மனியின் பல சர்வகலாசாலைகளுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் யூனி-அஸிஸ்ட் என்ற பொது அமைப்புக்குத் தானே எழுதிப் போட்டிருக்கலாம். முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் 75 யூரோ. மேற்கொண்டு ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. அன்றைய மாற்று விகிதத்தில் முதல் விண்ணப்பத்துக்குச் சுமார் 6,000 ரூபாய் ஆகியிருக்கும். இந்த விவரம் எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும். அந்த இரண்டு வருஷத்தில் பொன்னாடைப் படங்கள் எத்தனையோ போட்ட நான், இந்த ஒரு வரியை ஒரு நாளும் போடவில்லை.

பெரியவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. "ஐயா தெரியாம போட்டிருப்பீங்க" என்று எனக்காகப் பரிந்து பேசினார். பையன் ஒன்றும் பேசாமல் உலகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவே அந்த விளம்பரத்தை எங்கள் பக்கத்திலிருந்து அழித்தேன். அழித்த பிறகுதான் தெரிந்தது, நான் அழித்தது என் சுவரில் இருந்ததை மட்டுமே என்று. இருநூறு பேர் எடுத்துக்கொண்டு போனது ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டேயிருந்தது. வாட்ஸப் குழுக்களில் எங்கள் கலாசாலை முத்திரையோடு அது போய்க்கொண்டிருப்பதாக வருஷம் இரண்டு ஆன பிறகும் சொன்னார்கள். "அந்த விளம்பரத்தை நம்ப வேண்டாம், அதை விசாரிக்காமல் வெளியிட்டது என் தவறு" என்று ஓர் அறிவிப்பு எழுதிப் போட்டேன். அதற்கு ஏழு கட்டை விரல்கள் விழுந்தன. பிரின்ஸிபாலுக்கு அந்த அறிவிப்பில் சம்மதமில்லை. கலாசாலையின் கௌரவம் என்று ஏதோ சொன்னார். "கலாசாலையின் கௌரவத்தை நம்பித்தான் அவர்கள் நகையை அடகு வைத்தார்கள்" என்றேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை. போலீஸில் புகார் கொடுக்கப் பெரியவருடன் நானும் போனேன். பணத்தில் ஒரு சிறு பங்குதான் திரும்பி வந்தது.

பிற்பாடு இது சம்பந்தமாகப் படித்தபோது, ஏமாந்தவர்கள் தொட்டியத்துக்காரர்கள் மட்டும் அல்ல என்று தெரிந்துகொண்டேன். அமெரிக்க அரசாங்கத்தின் குடியேற்ற அதிகாரிகள், விசாத் தரகர்களைப் பிடிப்பதற்காக "வடக்கு நியூ ஜெர்ஸி சர்வகலாசாலை" என்று ஒன்றை 2013-ல் தாங்களே ஸ்தாபித்தார்கள். அதில் உபாத்தியாயர் இல்லை; பாடமும் இல்லை. ஆனால் முத்திரை இருந்தது, இணையதளம் இருந்தது, பேஸ்புக் பக்கமும் இருந்தது. பனி பெய்தால், "இன்று வகுப்பு கிடையாது" என்று அந்தப் பக்கத்தில் அறிவிப்பு வருமாம். என்றைக்குமே வகுப்பு நடந்திராத இடத்தில் இன்று வகுப்பு இல்லை என்று சொன்னால், மற்ற நாட்களில் வகுப்பு நடக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? 2016 ஏப்ரலில் 21 பேரைக் கைது செய்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. பிறகு மிச்சிகன் மாகாணத்தில் "பார்மிங்டன்" என்ற பெயரில் மற்றொன்றை நடத்தினார்கள். 2019 ஜனவரியில் அதில் பெயர் பதிந்திருந்த மாணாக்கரைப் பிடிக்க ஆரம்பித்தபோது, முதலில் பிடிபட்ட 130 பேரில் 129 பேர் நம் தேசத்தவர். அவர்களில் தெரிந்தே போனவர்கள் எத்தனை பேர், ஏமாந்து போனவர்கள் எத்தனை பேர் என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். பக்கம் பளபளப்பாக இருப்பதற்கும் சங்கதி மெய்யாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பது மட்டும் எனக்கு நன்றாக விளங்கிற்று.

அந்தச் சமயத்தில் பக்கத்தையே மூடிவிடலாம் என்றுகூட நினைத்தேன். என்னைத் தடுத்தவர் சரித்திரப் பேராசிரியரான என் நண்பர். அவர் ஒரு கதை சொன்னார். கதை அல்ல, சரித்திரம். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் என்ற ஜெர்மானியப் பாதிரியாரைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அவரும் அவருடைய சகாவான கிருண்ட்லரும் நம்மவர்களிடம் பல கேள்விகள் கேட்டு எழுதினார்கள்: உங்கள் வைத்தியம் எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, கல்யாணம் எப்படி, எங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று. தமிழர்கள் பதில் எழுதினார்கள். அப்படி 1712 முதல் 1714 வரை எழுதப்பட்ட கடிதங்களில் 99 ஜெர்மன் பாஷையில் பெயர்க்கப்பட்டு, ஹாலே நகரில் அச்சாயின. மாதக் கணக்கில் கப்பலில் போன கடிதங்கள்! பாதிரியார்களுடைய நோக்கம் மதப் பிரசாரம் என்பது வாஸ்தவமே. ஆனாலும், நம் ஊரைப் பற்றி நம் ஊர்க்காரர் சொன்ன வார்த்தை முந்நூறு வருஷங்களுக்கு முன்பே அந்தத் தேசத்தாருக்கு எட்டிற்று.

"அதில் பொன்னாடைப் படம் ஒன்றாவது உண்டா?" என்று கேட்டார் நண்பர்.

"இல்லை."

"கேள்வி இருந்தது, அந்த விஷயத்தில் வாழ்கிறவனுடைய பதில் இருந்தது. உங்கள் பக்கத்தில் எது இருக்கிறது?"

அன்று முதல் வேலையை வேறு விதமாகத் தொடங்கினேன். எங்கள் கலாசாலையில் படித்துவிட்டு ஜெர்மனிக்குப் போயிருந்தவர்கள் அப்போது நாலே பேர். ஆஹனில் ஒருவன், மாக்டெபுர்க்கில் ஒரு பெண், கெம்னிட்ஸில் இரண்டு பேர். நாலு பேருக்கும் எழுதினேன். "வாரத்துக்கு அரை மணி நேரம் கொடுக்க முடியுமா? புகழ்ந்து பேச வேண்டாம், கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும்" என்றேன். நாலு பேரும் அன்றே சம்மதித்தார்கள். இத்தனை வருஷமாக அவர்களை நான் ஏன் கேட்கவில்லை என்று எனக்கே வெட்கமாயிருந்தது.

வாட்ஸப்பில் ஒரு குழு ஏற்பட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கேள்வி நேரம். அப்போது ஜெர்மனியில் கோடை காலமானால் பிற்பகல் மூன்றரை, குளிர் காலமானால் இரண்டரை. முதல் வாரம் கேள்வியே வரவில்லை. நூறு பேர் பார்க்கும் இடத்தில் கேட்க நம் பிள்ளைகளுக்குக் கூச்சம். இரண்டாம் வாரம், கேள்விகளை எனக்குத் தனியாக அனுப்பலாம், பெயர் சொல்லாமல் நான் கேட்கிறேன் என்றேன். எழுபது கேள்விகள் வந்தன! பெரிய கேள்விகள் அல்ல. சின்னச் சின்னக் கேள்விகள்தான். இங்கிலீஷில் படிக்கலாமா, ஜெர்மன் கட்டாயமா? அறை வாடகைக்குக் கிடைக்குமா? பருப்பு கிடைக்குமா? பரீட்சையில் தோற்றால் என்ன ஆகும்? பெண்பிள்ளை தனியாக ராத்திரியில் ரயிலில் வரலாமா?

மாக்டெபுர்க் பெண் குரல் பதிவாகவே பதில் அனுப்பினாள். "பருப்பு கிடைக்கும், அக்கா தங்கைகளே. ஆனால் முதல் மார்கழியில் நாலு மணிக்கே இருட்டிவிடும்போது அழுகை வரும். எனக்கு வந்தது. ஒரு பாடத்தில் இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவையும் தோற்றிருந்தால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கியிருப்பார்கள். இதை அம்மாவிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்" என்றாள். அந்தக் குரல் பதிவுக்கு விளம்பரத் தாளின் வர்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகள் தங்களுக்கு இது சரிப்படாது என்று விலகிக்கொண்டார்கள். ஐந்து பேர் ஜெர்மன் பாஷை படிக்கத் தொடங்கினார்கள். விலகிய இருவரையும் நான் நஷ்டக் கணக்கில் எழுதவில்லை. ஒரு குடும்பம் கடனிலிருந்து தப்பிற்று என்றால், அதுவும் கல்வித் தொண்டுதான்.

அநுபவத்தில் சில விதிகளை நாங்களே வகுத்துக்கொண்டோம். முதல் விதி, தேதி போடாத தகவலைக் குழுவில் போடக் கூடாது. இதன் அவசியத்துக்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர் ஒரு வருஷச் செலவுக்கான பணம் தம்மிடம் இருப்பதைக் காட்ட வேண்டும். பெரும்பாலோர் அதை முடக்கக் கணக்கு ஒன்றில் போட்டு, அங்கே போனபின் மாதா மாதம் எடுத்துக்கொள்ளுகிறார்கள். 2022-ல் அந்தத் தொகை 10,332 யூரோ. 2023 ஜனவரியில் 11,208 ஆயிற்று. 2024 செப்டம்பரில் 11,904 ஆயிற்று. படித்துக்கொண்டே வருஷத்துக்கு 120 முழு நாள் வேலை செய்யலாம் என்று இருந்ததை 2024 மார்ச்சில் 140 ஆக்கினார்கள். 2022 நவம்பர் முதல், விசாவுக்கு முன் நம் சான்றிதழ்களை ஏ.பி.எஸ். என்ற காரியாலயம் பரிசோதித்துச் சான்று கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. இவற்றில் எந்தப் பதிலும் சொன்ன அன்று மெய். ஒரு வருஷம் கழித்துப் பொய். சொன்னவன் நல்லவனாயிருப்பது மட்டும் போதாது. சொன்ன நாளும் தெரிய வேண்டும்.

இரண்டாவது விதி, எந்தத் தகவலோடும் அது வந்த மூல இடத்தின் விலாசத்தைச் சேர்க்க வேண்டும். ஜெர்மன் தூதரகமோ, 1925 முதல் மாணாக்கர் பரிவர்த்தனையை நடத்திவரும் டாட் என்ற ஸ்தாபனமோ, அந்தந்தச் சர்வகலாசாலையோ சொன்னதாக இருக்க வேண்டும். "என் சிநேகிதனுடைய சிநேகிதன் சொன்னான்" என்பது குழுவில் செல்லாது. மூன்றாவது, பணம் வாங்குகிறவர் யாரும் குழுவில் இருக்கக் கூடாது. நான்காவது, எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். இது பாஷாபிமானத்துக்காக மட்டும் அல்ல. பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் நகையை அடகு வைப்பவர்கள் தாயும் தகப்பனும் அல்லவா? படித்துவிட்டு, "இது என்ன செலவு?" என்று கேட்க அவர்களுக்கு வழி வேண்டும்.

இந்த விதிகளின் மதிப்பு 2022 பிப்ரவரியில் எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. எங்கள் தெருவில் ஒருவருடைய மகள் உக்ரேனில் கார்கிவ் நகரில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரி 24-ஆம் தேதி யுத்தம் தொடங்கிவிட்டது. பெண் நிலவறையில், தாயார் இங்கே கைபேசியின் முன்னால். அவளுக்கு மூன்று குழுக்களிலிருந்து மூன்று விதமான சேதி வந்துகொண்டிருந்தது. ரயில் உண்டு என்றது ஒன்று. ரயில் நிலையத்துக்குப் போகவே கூடாது என்றது மற்றொன்று. எல்லைக்குப் பஸ் விடுகிறார்கள், பணம் அனுப்பு என்றது மூன்றாவது. அந்த அம்மாள் கைபேசியை என்னிடம் நீட்டி, "இதில் எது நிஜம், ஸார்?" என்றாள்.

மார்ச் 2-ஆம் தேதி இந்தியத் தூதரகம், அப்போது ட்விட்டர் என்று பெயர் பெற்றிருந்த ஊடகத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்தியர் அனைவரும் உடனே கார்கிவை விட்டு வெளியேற வேண்டும். வாகனம் கிடைக்காவிட்டால் நடந்தேனும் போக வேண்டும். அந்த ஊர் நேரப்படி மாலை ஆறு மணிக்குள் பெசோசின், பாபாய், பெஸ்லியுடோவ்கா என்ற இடங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து பெசோசினுக்கு 11 கிலோமீட்டர் என்று தூரமும் சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது, எங்கே போவது, எவ்வளவு தூரம் என்று அத்தனையும் சில வரிகளில் அடங்கியிருந்தன. பெண் மற்றவர்களோடு பெசோசினுக்கு நடந்தாள். பத்து நாளில் வீடு வந்து சேர்ந்தாள். அந்த வாரங்களில் உக்ரேனிலிருந்து தாயகம் திரும்பிய இந்தியர் 22,500 பேருக்கு மேல். அந்த அறிவிப்புக்கு எத்தனை கட்டை விரல் விழுந்தது என்று அந்தத் தாயார் பார்த்திருக்க மாட்டாள்.

இப்போது எங்கள் குழுவில் பதில் சொல்லுகிறவர்கள் நாலு பேர் அல்ல, இருபத்தாறு பேர். போனவர்கள் திரும்பத் தங்கள் தம்பி தங்கைகளுக்குப் பதில் சொல்லுகிறார்கள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணாக்கர் ஏறக்குறைய 49,000 பேர். அந்நிய தேசத்து மாணாக்கரில் அவர்களே அதிகம். அந்தக் கூட்டத்தில் எங்கள் பிள்ளைகள் ஒரு பிடி எள். ஆனால் அந்த ஒரு பிடியில் தரகனுக்குப் பணம் கட்டியவர் யாரும் இல்லை.

தொட்டியத்துப் பையன் என்ன ஆனான் என்று நேயர்கள் கேட்பீர்கள். அவன் ஜெர்மனிக்குப் போகவில்லை. ஹோசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, மூன்றரை வருஷத்தில் தாயாருடைய நகைகளை மீட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகு அவனைப் போகச் சொல்லிப் பார்த்தேன். "அந்த ஆசை தீர்ந்துவிட்டது, ஸார்" என்றான். அவனுடைய மூன்றரை வருஷத்தை எந்த அறிவிப்பும் திருப்பித் தரப்போவதில்லை. ஆனால் எங்கள் குழுவில் அவன் இருக்கிறான். யாராவது ஒரு வர்ணத் தாளைக் கொண்டுவந்து போட்டால், அதை எடுத்து அலசுகிற வேலை அவனுடையது. "உறுதி என்கிற வார்த்தை எங்கே இருக்கிறது, பாருங்கள்" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பான்.

போன மாதம் ஒரு நாள் காலை, அவன் தகப்பனாரிடமிருந்து எனக்கு ஒரு வாட்ஸப் செய்தி வந்தது. அவருடைய மைத்துனர் பேத்திக்கு யாரோ ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தார்களாம். இந்த முறை தேசம் வேறு. படத்தோடு பெரியவரின் குரலும் வந்தது. "ஐயா, இது நெசமுங்களா?" என்று கேட்டிருந்தார்.

என்னிடம் கேட்டாரே என்று நான் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தத் தேசத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. "தெரியவில்லை. விசாரித்து நாளைக்குச் சொல்லுகிறேன். அதுவரை பணம் கட்ட வேண்டாம்" என்று எழுதினேன். பிறகு, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல், அதே கேள்வியையும் பதிலையும் எங்கள் பக்கத்திலும் போட்டேன்.

சாயங்காலம் பார்த்தபோது அதற்கு ஒரே ஒரு கட்டை விரல் விழுந்திருந்தது. யாருடையது என்று பார்த்தேன். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் மனைவி போட்டிருந்தாள்.